மாமரத்துக்கு வந்த பதில்

தெருவோர மரத்தை வெட்டுமுன், அதை ஒட்டிய வீட்டு வளவுக்காரரின் ஆட்சேபத்துக்கு எழுத்தில் பதில் தரவேண்டும் என்பது விதி. அரசாங்கக் கந்தோரில் கோப்புகளோடு காலம் கழித்தவனுக்கு விதிகள் மறப்பதில்லை. இன்று காலை பக்கத்து வளவில் அறுத்த மாமரத்தின் பால் மணம் வந்ததும் இந்த விதிதான் முதலில் ஞாபகம் வந்தது.

ஐம்பதுகளில் எங்கள் கல்முனைத் தெரு முழுக்க மர நிழல். வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்ததும், உம்மா அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கத் தொடங்கினார். எதிர் மாடிவீட்டிலிருந்து எங்கள் முற்றத்தையும் கிணற்றடியையும் மறைத்தது, வேலிக்கு வெளியே நின்ற மாமரம் மட்டுமே. கரண்ட் கம்பிக்காக அதை வெட்டப்போகிறார்கள் என்றதும், இத்தா முடியும்வரை பொறுக்கும்படி மாமா கந்தோருக்கு மனுப் போட்டார்.

பதிலுக்கு முன் கோடரி வந்தது.

"மனே, இத்தா முடியுமட்டும் பொறுக்கச் செல்லு," என்றார் உம்மா, கதவுக்குப் பின்னால் நின்று.

சொன்னேன். வெட்டும் ஆட்களைக் கூட்டிவந்த ஓவசியர் சிரித்தார். "இத்தா உம்மாவுக்குத்தானே தம்பி, மரத்துக்குமா?"

மரம் விழுந்தபிறகு உம்மா பகலில் முற்றத்துக்கு வரவேயில்லை. தொழுகைக்குக்கூட அறைக்குள் வாளித் தண்ணீரில்தான் கைகால் முகம் கழுவி ஒழு எடுத்தார். எஞ்சிய நாட்களில் கடற்காற்றும் அவருக்கு இல்லாமற் போயிற்று.

மனு ஏற்கப்பட்டது, இத்தா முடியும்வரை மரம் வெட்டப்படமாட்டாது என்ற பதில், முத்திரையெல்லாம் முறையாகக் குத்தி, உம்மா இத்தா முடித்து வெளியே வந்த அன்று வந்து சேர்ந்தது.