கடிபட்ட காசின் எதிர்ப்பக்கம்

பழைய காசு வாங்கி விற்கும் அந்தக் கடையில் அவளுக்கு லென்ஸ் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைத் தெருவில் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கடையின் பின்பக்கம், கழிவறைக் கதவுக்கும் இரும்பு அலமாரிக்கும் நடுவே ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு குட்டித் தராசு. அச்சுப் பிசகிய காசு கைக்கு வந்துவிட்டது, இனி காலாட்டிக்கொண்டு சாப்பிடலாம் என்று ஓடி வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் அந்த மேசைக்கு முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். அவள் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு காசைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு இரண்டில் ஒரு வார்த்தை சொல்வாள்: பிறவி, இல்லாவிட்டால் கைவேலை.

பிறவி என்றால் நாணய அச்சகத்திலேயே கோணலாய்ப் பிறந்த காசு. அதற்குக் கொட்டிக் கொடுக்க ஆள் உண்டு. கைவேலை என்றால் நல்ல காசை எவனோ வேலையற்றவன் அரத்தாலும் சுத்தியலாலும் கெடுத்து வைத்தது. அதற்கு ஒரு தேநீர்கூடக் கிடைக்காது.

சொல்வதையாவது பதமாகச் சொல்வாளா என்றால், அந்தப் பேச்சே கிடையாது. ஒருமுறை இன்சூரன்ஸ் ஏஜெண்டு ஒருவர் இரண்டு பக்கமும் தலை உள்ள காசு ஒன்றைப் பஞ்சில் பொதிந்து கொண்டுவந்தார். கைக்குழந்தையைத் தருவதுபோல் நீட்டினார்.

"விளிம்புக்கு உள்பக்கமா நகத்தால தடவிப் பாருங்க சார். இடறுதா? ஒரு காசக் குடைஞ்சு இன்னொரு காச உள்ள பதிச்சிருக்கான். டப்பாவுக்கு மூடி போட்ட கணக்குதான். வீட்டுல புள்ளைங்க இருந்தா விளையாடக் குடுங்க."

ஏஜெண்டு முகம் செத்துப்போய் வெளியேறினார். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அக்கா, கொஞ்சம் தன்மையாச் சொல்லக் கூடாதா? வந்த ஆளு இன்னொரு தடவ வரணுமில்ல?"

"தன்மையாச் சொன்னா கைவேலை பிறவி ஆயிடுமா?"

அவள் சொல் ஒருநாளும் பிசகியதில்லை என்று சந்தை முழுக்கப் பேச்சு. பிசகவே பிசகாத மனிதர்களோடு ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்துவது எப்படி இருக்கும் என்பதை அவள் புருஷனைத்தான் கேட்க வேண்டும். அவரை யாரும் கேட்டதில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரு காலத்தில் நாணய அச்சகத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அவர் அச்சு இயந்திரத்தில், அவள் பிரித்தெடுக்கும் மேசையில். இயந்திரப் பட்டையில் ஓடிவரும் காசுகளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்து, கோணல் காசுகளைப் பொறுக்கி, உருக்குவதற்குச் சிவப்புத் தொட்டியில் வீச வேண்டும். அதுதான் அவள் வேலை. இவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. பேருந்தில் மிச்சமாகக் கிடைத்த காசில் ஏதாவது கோணல் தெரிந்தால் பத்திரப்படுத்தி, வீட்டுக்கு வந்ததும் அவள் மூக்குக்கு நேராக நீட்டுவார். "சொல்லு பாப்போம், பிறவியா கைவேலையா?" அந்த இரண்டு சொல்லும் அந்த விளையாட்டில் பிறந்தவைதான். அவள் சொல்லிவிடுவாள். அவர் தோற்றுப்போனதில் சந்தோஷப்பட்டுக்கொண்டு காய்கறி நறுக்க உட்காருவார்.

அச்சகத்துக்குள் யாரும் சொந்தக் காசு கொண்டுபோகக் கூடாது. மறந்து கொண்டுபோய் மாட்டினால் அபராதத்தோடு விட்டுவிடுவார்கள். அடித்த காசை வெளியே கொண்டுபோனால் திருட்டு. அந்த வருஷம் கோணல் காசுகள் வெளிச்சந்தையில் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. மேலே இருந்தவர்களுக்குப் பழியைப் போட உடனடியாக ஒரு தலை வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில்தான், ஒருநாள் வேலை முடிந்து போகும்போது, அவருடைய சட்டைப் பையில் வாசல் காவலாளியின் கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. எடுத்தால் ஒரு காசு. விளிம்பில் எலி கடித்ததுபோல் ஒரு பிறை வடிவக் கடி.

"காலையில பஸ்ஸுல குடுத்த காசுங்க. எவனோ அரத்தால அராவியிருக்கான். பொண்டாட்டிகிட்டக் காட்டலாம்னு பையில போட்டேன். உள்ள வரும்போது மறந்துட்டேன்."

இதைக் காவலாளி நம்பவில்லை. கையும் களவுமாக ஒருவனைப் பிடித்த பிறகு யார்தான் நம்புவார்கள்? விசாரணை அதிகாரி எங்கிருந்தோ புதிதாக மாற்றலாகி வந்தவர், அச்சுக் கூடத்துக்கு வழிகூடத் தெரியாது. பிரித்தெடுக்கும் மேசையில் மூத்தவள் என்ற முறையில் அவளைத்தான் கூப்பிட்டார். காசு ஒரு வெள்ளைத் தட்டில், துணி போட்டு மூடி, மேசைமேல் இருந்தது.

"பாத்துச் சொல்லும்மா. இது நம்ம இயந்திரத்துல வந்ததா?"

பிறவி என்று சொன்னால், உன் மேசையைத் தாண்டி எப்படிப் போயிற்று என்பார்கள், இரண்டு பேருக்கும் வேலை போகும். கைவேலை என்று சொன்னால், புருஷனைக் காப்பாற்றப் பெண்டாட்டி பொய் சொல்கிறாள் என்பார்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் மகள். ஒரு சம்பளமாவது மிஞ்ச வேண்டாமா? அதோடு, எத்தனை தடவை படித்துப் படித்துச் சொல்லியும் பையைப் பார்க்காமல் உள்ளே வந்த மனிதர்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் பாக்க வேண்டியதில்ல சார். அவரு செஞ்சதுக்கு எனக்குப் பொறுப்பில்ல."

அச்சுக் கூடத்தில் ஒரு பார்வையில் சொல்லக்கூடியவர்கள் நாலு பேர் இருந்தார்கள். பெண்டாட்டியே பார்க்க மாட்டேன் என்கிறாள், நமக்கென்ன வம்பு என்று அவர்களும் நழுவிக்கொண்டார்கள். அவருக்கு வேலை போயிற்று. அவளுக்கு வேலை நிலைத்தது.

பார்க்காமல் சொன்ன சொல்லை மெய்யாக்க வேண்டாமா? அதற்கு அவர் திருடராக இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் அவள் யார்? அவள் முதலில் அரைமனதாக நம்பினாள், பிறகு முழுமனதாக. அவர் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டப் போனார். மாலையில் வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே நிறுத்திச் சட்டைப் பையில் கைவிட்டுப் பார்ப்பாள். சொந்தக்காரர்கள் இருந்தாலும் பார்ப்பாள். "கை நீளம் இவருக்கு" என்று சிரித்துக்கொண்டே வேறு சொல்வாள். கொஞ்ச நாளில் அவரே வாசலில் நின்று பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டு உள்ளே வரப் பழகிக்கொண்டார். அலமாரிச் சாவி ஆணியில்தான் தொங்கும், ஆனால் அதை அவர் தொடக் கூடாது. மகள் அதையெல்லாம் பார்த்து வளர்ந்தாள், கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். போன் போட்டால் அம்மாவோடு பேசுவாள். அப்பா எப்படி இருக்கார் என்று கேட்பதோடு சரி, போனை அவரிடம் குடு என்று சொல்வதில்லை. இடையில் அவள் அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்று இந்தக் காசுக் கடைக்கு வந்து சேர்ந்தாள். இப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது.

போன வாரம் ஒரு மத்தியானம் கடைக்கு ஒருவன் வந்தான். நடுத்தர வயது, சட்டையில் பெயின்ட் கறை. ஒரு பழைய மாத்திரை டப்பாவைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தான். பிறை வடிவத்தில் கடிபட்ட காசு.

"எங்கப்பா அச்சகத்துல வாட்ச்மேனா இருந்தாரு மேடம். திருடன் ஒருத்தனக் கையும் களவுமாப் பிடிச்சாராம், அவன்கிட்ட இருந்தது. கேஸ் முடிஞ்சதும் அங்க இங்க சொல்லி எப்படியோ எடுத்துட்டு வந்துட்டாரு. லட்சக்கணக்குல போகும், பேரப்பிள்ளைங்களுக்கு ஆகும்னு சாகுறவரைக்கும் சொல்லிட்டு இருந்தாரு."

திருடனைப் பிடித்தவர் திருடி வைத்திருந்த காசு! வேறு யாராவது சொல்லியிருந்தால் அவள் வயிறு குலுங்கச் சிரித்திருப்பாள். இப்போது லென்ஸ் கண்ணில் நிற்கவில்லை. இரண்டு தடவை செருகினாள்.

கடிபட்ட காசில் கடியைப் பார்ப்பவன் ஏமாளி. பார்க்க வேண்டியது கடிக்கு நேர் எதிர்ப்பக்கம். பிறவிக் கடியென்றால், விளிம்பு எழுப்பும் இயந்திரம் காசாகப்போகும் வட்டத்தகட்டை நெருக்கும்போது, கடிபட்ட இடத்தில் பிடிமானம் இருக்காது. பிடிமானம் இல்லாததால் எதிர்ப்பக்கத்து விளிம்பும் எழும்பாமல் சப்பையாகக் கிடக்கும். பின்னால் அராவின காசில் அந்தச் சப்பை இருக்காது. எந்த அரமும் எதிர்ப்பக்கம்வரை எட்டாது.

அவள் காசைத் திருப்பினாள். எதிர்ப்பக்கத்து விளிம்பு முழுசாக, கெட்டியாக, ஒரு குறையும் இல்லாமல் எழும்பி நின்றது. கடியின் ஓரத்தில் அரம் ஓடிய கீறல்கள்கூட லென்ஸ் இல்லாமலே தெரிந்தன. இத்தனை மட்டமான கைவேலையை அவள் வருஷக்கணக்கில் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்தத் துணியை விலக்கியிருந்தால் போதும். ஒரு மூச்சு விடும் நேரம் போதும்.

"என்ன மேடம்?"

"கைவேலை."

"நல்லாப் பாருங்க மேடம்!"

"பாத்துட்டேம்பா." அவள் காசைக் கீழே வைக்கவில்லை. "இது திருட்டுக் காசும் இல்ல, விலை போற காசும் இல்ல. எனக்குக் குடுத்துட்டுப் போறியா?"

அவன் அப்பனையும் அப்பன் ஆசையையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே, வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுந்து போனான்.

அன்று மாலை அவர் வழக்கம்போல வாசலில் நின்று பையை வெளியே இழுத்துக் காட்டினார். கை நிறைய டயர் கறுப்பு. உள்ளே வந்து முகம் கழுவி உட்கார்ந்ததும் அவள் காசை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. ஒரு பார்வையிலேயே தெரிந்துகொண்டார்.

"எதிர்ப்பக்கம் பாத்தியா?"

"பாத்தேங்க."

"விளிம்பு?"

"முழுசா இருக்கு."

அவர் தலையாட்டினார். கோபப்பட்டிருந்தால், கத்தியிருந்தால், காசைத் தூக்கி எறிந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அவரோ பழைய விளையாட்டில் விடை சரி என்று சொல்வதுபோல் தலையாட்டினார்.

"அன்னிக்கு நான் இந்தக் காசப் பாக்கலங்க. பாத்திருந்தா சொல்லியிருப்பேன். சத்தியமாச் சொல்லியிருப்பேன்."

"காசப் பாக்கல, சரி." அவர் துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "என்னத் தினமும் பாத்துட்டுத்தான இருந்த?"

அவர் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், படுத்துவிட்டார். அவள் மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். "அப்பாகிட்ட நான் என்னன்னும்மா பேசுவேன் இனிமே?" என்று மகள் அழுதாள்.

மறுநாள் காலையில் அலமாரிச் சாவியை அவர் சட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் அதை எடுத்து, அது எப்போதும் தொங்கும் ஆணியிலேயே திரும்ப மாட்டிவிட்டு வேலைக்குப் போனார். மாலையில் அவள் அவருக்கு முன்னாலேயே வந்து கதவை அகலத் திறந்து வைத்தாள், வாசலில் நிற்காமல் நேராக உள்ளே வரட்டும் என்று. அவர் வந்தார். திறந்த கதவுக்கு முன்னால் நின்றார். சட்டைப் பையை வெளியே இழுத்தார்.

"ஐயோ, வேண்டாங்க. விடுங்க."

"பழகிப்போச்சு" என்றார் அவர். அவள் பார்க்கும்வரை பையைப் பிடித்தபடியே நின்றார்.