தாமரைக் காசு

தாமரை போட்ட இருபது பைசாவை அரசு வெளியிடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. மஞ்சளாக மின்னும் அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று ஓசூர் முழுக்கப் பேச்சு. என் மனைவியும் குந்தாரப்பள்ளிச் சந்தைச் சில்லறையில் அகப்பட்டதையெல்லாம் பூஜை டப்பாவில் சேர்த்துவந்தாள். எனக்கு எரிச்சல்.

தொழிற்சாலையில் உலோகம் சோதிப்பதுதான் என் வேலை. அவளுக்குத் தெரியாமல் ஒரு காசை எடுத்துப்போய், அரத்தால் நன்றாக அராவி, அமிலம் விட்டுப் பார்த்தேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே, "எல்லாம் செம்புதான். குந்துமணித் தங்கம்கூட இல்ல" என்றேன்.

அவள் அடுப்பிலிருந்து திரும்பவேயில்லை. "தங்கம்னு நான் சொன்னனா? லட்சுமிக்கு நூத்தியெட்டு தாமரை வெக்கணும்னு சேத்தேன். நேத்துதான் முழுசாச்சு. எடுத்ததைக் குடுங்க."

சட்டைப்பையில் கைவிட்டேன். நான் அராவியிருந்தது தாமரை இருந்த பக்கத்தை.