நைனா ரயிலேற்றி அனுப்பிய ஏகாம்பரம்

எங்கள் நைனா மணவூரில் நெல்லும் கரும்பும் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர். வரப்பில் உட்கார்ந்து அவர் மாட்டை வரைந்துகொண்டிருந்தபோது, அந்த மாடே பக்கத்து வயலை மேய்ந்துவிட்டதாம். நிலத்தைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டுத் திருத்தணிக்கு வந்து பெயர்ப்பலகை எழுதினார்.

பிறகு சென்னை நாளிதழ் ஒன்றில் ‘ஏகாம்பரம்’ என்று தினமும் நான்கு கட்டப் படக்கதை வரைந்தார். வரைந்த அட்டையை, சென்னைக்கு வேலைக்குப் போகும் வேணு அண்ணன் காலை ரயிலில் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுபோவார். ஒருநாள் சாம்பார் கொட்டியது. ஏகாம்பரம் மழையில் நனைந்தவனாக அச்சில் வந்தான். யாரும் குறை சொல்லவில்லை.

ஏகாம்பரத்துக்கு விசிறிக் காது. சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளியே போடுவான். முகம் என்னுடையது. புத்தியும் என்னுடையதுதான் என்று ஊரார் சொன்னார்கள்.

எனக்குப் பெண் பார்க்க அம்மையார்குப்பம் போனோம். பெண்ணின் தகப்பனார் என்னையே உற்றுப் பார்த்தார்.

“தம்பிய எங்கியோ பாத்தா மாரி கீதே.”

“பேப்பர்ல வருமேப்பா, அது” என்றாள் பெண், உள்ளேயிருந்து.

வீடே சிரித்தது. சம்பந்தம் நின்றுபோனது.

“இனிமே என்னிய வரையாத நைனா” என்றேன்.

“ஆங்” என்றார்.

மறுநாள் வரைந்த படத்தில் ஏகாம்பரம் ரயிலேறினான். நான்காம் கட்டத்தில் வெறும் பிளாட்பாரம். அவன் இல்லாத கதையில் சிரிக்க ஒன்றுமில்லை. ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். அவனைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நாளிதழ் ஆசிரியர் கேட்டபோது, “அவன் ஊர்ல இல்லீங்களே” என்றார் நைனா. மீண்டும் பெயர்ப்பலகைக்கே போனார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டு நிம்மதியடைந்திருப்பேன். பிற்பாடு பேப்பர் வாங்காத வீடாகப் பார்த்து எனக்குப் பெண் எடுத்தார்கள்.

சென்ற ஆண்டு நைனா படுக்கையில் விழுந்தபோது, அட்டையும் பேனாவும் கொண்டுபோய் வைத்தேன்.

“அவன கூட்டினு வா நைனா. நாந்தான் சொல்றேன்.”

“முப்பது வருசம் கழிச்சா? எந்த ஊர்ல குந்தினு கீறானோ.”

ஆனாலும் பேனாவை வாங்கிக்கொண்டார். நாளைக்கு ஒரு கட்டமாக நான்கு நாள் வரைந்தார். ஐந்தாம் நாள் அவர் இல்லை.

அந்த நான்கு நாளும் அட்டையைப் பிடித்துக்கொண்ட செவிலியர் அம்மாவுக்கும், கடைசிவரை தினமும் வந்து உட்கார்ந்திருந்த வேணு அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

படம் இந்த நினைவு மலரின் பின்னட்டையில் இருக்கிறது. திருத்தணி பிளாட்பாரத்தில் ஏகாம்பரம் இறங்குகிறான். நரை, தொந்தி, மூக்குக்கண்ணாடி. பொத்தான் மட்டும் ஒரு துளை தள்ளி. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அதைப் பார்த்துவிட்டு என்னையும் ஒருமுறை பாருங்கள். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். இந்த முறை நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.