எங்கிருந்தோ வந்த இரண்டு பீக்குகள்

போன வாரம் கோரிப்பாளையத்தில் பிரியாணி பார்சல் வாங்கினேன். வில்லாபுரம் வீட்டுக்கு வந்து பிரித்தால், உள்ளே அலுமினியத் தாள். என் முகம் சுண்டிப்போனது. "பிரியாணி சரியில்லையா?" என்றாள் மனைவி. பிரியாணிக்கு ஒரு குறையும் இல்லை. அலுமினியத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

ஒரு காலத்தில் நான் ஆராய்ச்சி மாணவன், அதாவது மின்சார உலையில் பொடி சுட்டுக்கொண்டிருந்தவன். திருநீறு மாதிரி வெள்ளைப் பொடி. அதைச் சின்னத் தட்டில் பரப்பி எக்ஸ்ரே கதிரை அடித்தால், உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றனவோ அதற்கேற்றபடி தாளில் மேடுமேடாகக் கோடு விழும். அந்த மேட்டைப் பீக் என்போம். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்றே பீக்குகள், நமக்குக் கைரேகை மாதிரி. எங்கள் துறையில் அந்த மெஷினை ஓட்டத் தெரிந்தவன் முருகேசன். என்னோடு ஒரே அறையில் தங்கி, என் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தவன்.

ஒருநாள் என் பொடியை மெஷினில் வைக்கும்போது, "நீ போய்ச் சாப்பிடு மாப்ள, நான் பாத்துக்கிறேன்" என்றான். போனேன். அன்றைக்குப் புரோட்டாவுக்கு நாலு தடவை சால்னா கேட்டு வாங்கியது வரை ஞாபகம் இருக்கிறது, பாருங்கள்.

திரும்பி வந்தால், தாளில் நான் எதிர்பார்க்காத இரண்டு பீக்குகள். "மாப்ள, புதுசா ஏதோ சிக்கிருச்சுடா!" என்று குதித்தேன். முருகேசன் தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தான். "ஆமால்ல" என்றான். அம்புட்டுத்தான்.

ஆறு மாதம் அந்த இரண்டு பீக்குகளோடுதான் குடும்பம் நடத்தினேன். மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம்தான் இருந்தது. கருத்தரங்கில் யார் தேறுகிறானோ அவனுக்கு. வெளியூர்ப் பேராசிரியர்கள் முன்னால் நெஞ்சை நிமிர்த்திப் பேசி முடித்தேன். பின்வரிசையில் முருகேசன் எழுந்தான்.

"அது பொடியோட பீக் இல்லையே. பொடி கம்மி, கதிர் கீழ இருக்கிற தட்டுல பட்டிருக்கு. ரெண்டும் அலுமினியத்தோடது."

யாரோ சிரித்தார்கள். தட்டையும் சரிபார்க்க வேண்டும் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவே இல்லை, அது என் தப்புதான். இடம் அவனுக்குப் போனது. நான் திருமங்கலத்தில் பள்ளிக்கூட வாத்தியார் ஆனேன்.

ஆனாலும் அவனை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்கவில்லை. அவனுக்கும் அந்த நிமிஷம்தான் தோன்றியிருக்கும், தோன்றியதும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் சொல்லிவிட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

இப்போது அந்த மெஷின் இல்லை. புது மெஷினில் கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டரே பொருளின் பெயரைச் சொல்லிவிடுகிறதாம். நாங்கள் தங்கியிருந்த வீட்டையும் இடித்து மண்டபம் கட்டிவிட்டார்கள். போன மாதம் அந்த மண்டபத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் முருகேசன். பழைய பேச்சு வந்தது. விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"அந்தத் தட்டு விஷயம் உனக்கு எப்படா தெரிஞ்சுச்சு?"

"அன்னைக்கே தெரியும் மாப்ள. அப்பவே சொல்லியிருந்தா நீ திருத்தியிருப்பேல்ல?" சிரித்துக்கொண்டே சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்தான்.

இம்புட்டு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த நப்பாசையும் அதோடு போய்விட்டது. பாவி, ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.