உச்சி வெயிலில் தாழும் கம்பி

பாண்டிதுரை இருபத்தாறு வருஷமாக உயரழுத்த மின்கம்பிக்குக் கீழேயே நடந்தவர். நடந்த தூரத்தையெல்லாம் கூட்டினால் காசிக்குப் போய்த் திரும்பி, அங்கே மறந்துவிட்ட குடையை எடுக்க இன்னொரு நடை போய் வரலாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தேவதானம் வரை ஒவ்வொரு கோபுரமும் அவரைக் கண்டால் குனிந்து நலம் விசாரிக்கும். நம்பாதவர்கள் கோபுரத்திடமே கேட்டுக்கொள்ளலாம். கம்பிக்கும் கீழே வளரும் மரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுவது அவர் வேலை. நெருங்கிவிட்ட மரத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தால், மறுவாரம் வெட்ட ஆள் வரும்.

தேவதானத்தில் அவருடைய அக்கா மாரிக்கனிக்குப் பதினோரு தென்னை இருந்தது. புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டவை அவைதான். குட்டை ரகம் என்று நாற்றுக்காரன் சத்தியம் பண்ணிக் கொடுத்தான். மரங்கள் அந்தச் சத்தியத்தைக் காதிலேயே வாங்கவில்லை.

"ஏலே தொரை, பெயின்ட் டப்பாவோட இந்தப் பக்கம் வந்தே, ஒன்னையும் சேத்து ஒரக்குழியில போட்டு மூடிருவேன்!"

"கத்தாதக்கா. விடியக்காலம் வந்து அளக்கேன்."

அதில்தான் சூட்சுமம் இருந்தது. தெற்கே காற்றாலைகளில் பிறக்கும் மின்சாரம் வெகுதூரத்து நகரங்களுக்குப் போக வேண்டும். அழுத்தத்தை ஏற்றி, ஓட்டத்தைக் குறைத்து அனுப்பினால் வழியில் சூடாகி வீணாவது குறையும், அடியோடு நிற்காது. காற்றுக் காலத்தில் ஓட்டம் கூடி, உச்சி வெயிலும் சேர்ந்தால் கம்பி சூட்டில் நீண்டு, ஓர் ஆள் உயரத்துக்கும் கூடுதலாகக் கீழே இறங்கிவிடும். விடியற்காலைக் குளிரில் விறைத்து மேலே நிற்கும். மூன்று வருஷமாக அக்காவின் தோப்பைப் பாண்டிதுரை விடியற்காலையில் மட்டுமே அளந்தார். ஏட்டில் எல்லாம் சரியாக இருந்தது.

இந்த ஆனியில் ஒரு நண்பகல், கம்பியிலிருந்து ஒரு மட்டைக்கு நீலமாக வெளிச்சம் பாய்ந்தது. மரத்தின் தலை தீப்பிடித்தது. கீழே நெற்று பொறுக்கிக்கொண்டிருந்த மாரிக்கனி தூக்கியெறியப்பட்டாள். உயிர் தப்பியது, இடது கை மரத்தது மரத்ததுதான்.

ஆஸ்பத்திரியில் அவள் கேட்டது ஒன்றுதான்.

"காலையில அம்புட்டு ஒசரத்துல கெடந்த கம்பி எப்பிடிலே எறங்குச்சு?"

"மத்தியானம் எறங்கும்க்கா. எனக்கு மொதல்லயே தெரியும்."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பதினோரு மரத்துக்கும் அவரே பெயின்ட் அடித்தார். வெட்டும் அன்றைக்குக் காற்று ஓயவில்லை. மரம் கம்பிப் பக்கம் சாயாமல் கயிறு கட்டி இழுக்க ஆள் போதவில்லை. மாரிக்கனி வந்து, ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்தாள்.

"நீ தள்ளிப் போக்கா."

"பேசாம இழுலே. கம்பி மேல விழுந்தா ஆபீசுக்காரவிய ஒன்னையத்தான் ஏசுவாவ."

பதினொன்றும் தரையில் கிடந்தபோது அவள் கயிற்றை விட்டாள். வந்தவர்களுக்கெல்லாம் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். பாண்டிதுரை நின்ற பக்கம் மட்டும் அவள் வரவில்லை.