சிவப்பு அட்டை மாட்டிய மரக்குதிரை

என் அக்காவைக் கட்டியவர் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. மற்றவர்கள் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும்போது போய் அதை நிறுத்துவதுதான் அந்த உத்தியோகம். அத்தான் இருபத்திரண்டு வருஷமாக இதைக் குறைவில்லாமல் செய்துவருகிறார். அங்கே நிறுத்துவதற்கு எதுவும் மிச்சமில்லாத நாட்களில் வீட்டுக்கு வந்து நிறுத்துவார்.

அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு கொத்து சிவப்பு அட்டை இருக்கும். உள்ளங்கை அகலம், மேலே ஓர் ஓட்டை, ஓட்டையில் நூல். நடுவில் விரித்த கையின் படம், அதன் கீழ் ‘இயக்காதே’ என்று கொட்டை எழுத்து. அதற்கும் கீழே மூன்று வரிகள்: என்ன கோளாறு, மாட்டியவர் யார், சரிசெய்யப்பட்டதா. கோளாறான இயந்திரத்தில் இதைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டால் முதலாளியே வந்து நின்றாலும் அது ஓடாது. மாட்டியவர்தான் திரும்ப வந்து, தானே ஓட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும். வேறு யாராவது அட்டையில் கைவைத்தால் அன்றோடு அவருக்கு வேலை இல்லை.

தொழிற்சாலைக்கு இது நல்ல ஏற்பாடு என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு? அக்காவின் மிக்ஸியில் ஓர் அட்டை தொங்குகிறது, மூடி சரியாக உட்காரவில்லையாம். மகளின் சைக்கிளில் ஒன்று. நான் அவர்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். கைப்பிடி ஆடுகிறது என்று போன வருஷம் மாடிப்படியிலும் ஒன்று மாட்டினார். அன்றிலிருந்து தினமும் சட்டத்தை மீறித்தான் நான் தூங்கப் போகிறேன்.

இந்தக் கதைக்குக் காரணமான அட்டை மட்டும் இயந்திரத்தில் தொங்கவில்லை, ஒரு காகிதத்தில் தொங்கியது. அத்தானின் மகளுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பைத் தீம் பார்க்குக்கு அழைத்துப் போவதாக முடிவுசெய்து, பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு படிவம் கொடுத்தனுப்பினார்கள். அத்தான் அதைப் படித்தார், மேல் ஓரத்தில் ஓட்டை போட்டார், சிவப்பு அட்டையைக் கட்டினார். கோளாறு என்ற இடத்தில் ‘ராட்டினங்களின் பாதுகாப்பு உறுதி செய்யப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

“எல்லாரும் போறாங்கப்பா” என்றாள் மகள்.

“எல்லாரும் போறது ஒரு காரணமா? ஒரு ராட்டினத்துல எத்தனை போல்ட் இருக்கு தெரியுமா?”

“எத்தனை?”

அத்தானுக்கும் தெரியாது. “பாத்தியா, யாருக்குமே தெரியல. அதான் சொல்றேன்” என்றார்.

அவள் இரண்டு நாள் ஒற்றைக்காலில் நின்றாள். அவர் மசியவில்லை. அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. “இங்க கொண்டா, நான் கையெழுத்துப் போடறேன். அந்த அட்டையைப் பிச்சுக் குப்பையில போடு” என்றாள்.

“அப்பா மாட்டினதும்மா. அப்பாதான் எடுக்கணும்.”

இதைச் சொல்லும்போது அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் அட்டையைத் தொடவில்லை. அந்த வீட்டில் அத்தானின் விதியை மதிக்கிற ஒரே ஜீவன் அவள்தான், அந்த விதி போய் விழுந்ததும் அவள் தலையில்தான். எனக்கு அன்று அவர்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

படிவத்தைத் திருப்பித் தரக் கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை. அதற்குள் அத்தானை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். தொழிற்சாலைக்குத் தகடு அழுத்தும் புது இயந்திரம் ஒன்று வாங்கியிருந்தார்கள். கப்பல் ஏறுவதற்கு முன் அதைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ஞாயிறு கிளம்பி வெள்ளி காலை திரும்புவதாக ஏற்பாடு. வாசலில் பெட்டியோடு நின்றவரை மகள் மறித்தாள்.

“அங்க பெரிய தீம் பார்க் இருக்காம். நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்கப்பா. ஒன்னும் இல்லைன்னா அட்டையை எடுத்துடணும்.”

“பத்து கோளாறாவது எழுதிட்டு வர்றேன். அப்புறம் இந்தப் பேச்சே இந்த வீட்ல இருக்கக் கூடாது. சரியா?”

“சரி.”

ஒப்பந்தம் முடிந்தது. இனி நான் சொல்லப்போவதெல்லாம் அவர் வாயாலேயே சொன்னது. நடுநடுவே நான் சிரித்த இடங்களை மட்டும் அவர் சொன்னதில் சேர்க்க வேண்டாம்.

புதன்கிழமை இயந்திரத்துக்கு ஒரு பாகம் வந்து சேரவில்லை. இன்று வேலையில்லை, ஊரைச் சுற்றிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அத்தான் முழுக்கைச் சட்டையை உள்ளே செருகி, நோட்டை எடுத்துக்கொண்டு, தீம் பார்க்குக்குக் கிளம்பினார். பொழுதுபோக்க அல்ல, சோதனை போட. காலில் தொழிற்சாலை பூட்ஸ், முன்பக்கம் இரும்புத் தகடு வைத்தது. வேறு செருப்பு அவரிடம் கிடையாது. நுழைவாயிலில் இருந்த சோதனைக் கருவி அவரைப் பார்த்து நான்கு முறை அலறியது. கருவி நன்றாக வேலை செய்கிறது என்று பாராட்டிவிட்டு உள்ளே போனார்.

சீட்டுக் கொடுத்த பெண் எத்தனை பேர் என்று கேட்டாளாம். ஒன்று என்றார். அவள் எட்டி அவருடைய முதுகுக்குப் பின்னால் பார்த்தாள், குழந்தை எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று. இல்லை. உள்ளே வந்திருந்தவர்கள் எல்லோரும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். தனியாக நிற்கிற ஆள், கை ஓய்வாக இருக்கிற ஆள் இவர் ஒருத்தர்தான். ஆகவே எல்லோரும் போனை இவரிடம் நீட்டிப் படம் எடுக்கச் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் பதினொரு குடும்பங்களைப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டார். யாரும் அவரைப் படம் எடுக்கட்டுமா என்று கேட்கவில்லை. அது கொஞ்சம் உறைத்தது என்று அவரே சொன்னார்.

சோதனையும் சரியாக நடக்கவில்லை. அந்த நோட்டை நான் பார்த்தேன். ஒன்று, குடிநீர்க் குழாயடியில் ஈரம். இரண்டு, ஐஸ்கிரீம் விற்பவர் கையுறை போட்டிருக்கிறார், ஆனால் அதே கையால் காதைச் சொறிகிறார். மூன்று, கரடி வேஷம் போட்டவருக்குப் பக்கவாட்டில் கண் தெரியவில்லை, யார்மேலாவது மோதலாம். நான்கு, சத்தம் அதிகம். அதற்குமேல் பேனா நகரவில்லை. பெரிய பெரிய ராட்டினங்களின் அடியில் குனிந்து குனிந்து பார்த்திருக்கிறார். ஒவ்வொரு போல்ட்டின் மேலும் மஞ்சள் கோடு, போல்ட் ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். எல்லாக் கோடுகளும் நேராக இருந்தன. அத்தானுக்குப் பெருத்த ஏமாற்றம்.

அப்போதுதான் சின்னக் குழந்தைகளுக்கான மரக்குதிரை ராட்டினத்துக்கு வந்தார். ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்குக் குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். ஓரத்தில் நின்ற வெள்ளைக் குதிரையின் கழுத்தில் அத்தான் கையை வைத்தார். குதிரை ஆடியது. முன்னால் சாய்ந்தது, பின்னால் சாய்ந்தது. மாட்டிக்கொண்டதடா என்று அவர் மனம் துள்ளியது.

அடுத்து நடந்ததை அவர் யோசித்துச் செய்யவில்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கை தானாகப் பைக்குள் போனது, அட்டை வெளியே வந்தது. ‘குதிரை ஆடுகிறது’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கடிவாளத்தில் இரட்டை முடிச்சாகக் கட்டிவிட்டு, நிம்மதியாக ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்து ரொட்டி தின்றார்.

ஒலிபெருக்கியில் யாரோ எதையோ திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். மொழி புரியவில்லை. அத்தான் நோட்டைத் திறந்து நான்காவது குறையில் ‘மிக’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். தொப்பி வைத்த ஒரு காவல்காரம்மா முன்னால் வந்து நின்றாள். அவருடைய சட்டைப் பையை உற்றுப் பார்த்தாள். பையிலிருந்து ஏழெட்டு சிவப்பு அட்டைகள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. ஆளைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தி அவள் முகத்தில் தெரிந்தது. அவரை ராட்டினத்துக்கு அழைத்துப் போனாள்.

ராட்டினத்தைச் சுற்றி நாற்பது குழந்தைகள். பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். நாற்பது நிமிஷமாக ராட்டினம் ஓடவில்லை. பக்கத்தில் எண்ணெய்க் கறை படிந்த கையோடு பராமரிப்புத் தலைவர் நின்றார். அவருடைய பையிலும் ஒரு கொத்து சிவப்பு அட்டை. அவற்றில் கையின் படத்துக்குப் பதில் பூட்டின் படம், அவ்வளவுதான் வித்தியாசம். அட்டையில் இருந்த எழுத்தை அங்கே ஒருத்தருக்கும் படிக்கத் தெரியவில்லை. ஆனால் சிவப்பு அட்டை என்றால் என்ன என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அதனால் ஒருத்தரும் தொடவில்லை. இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதை நம் பேச்சில் போடுகிறேன்.

“இது உங்களுதா?”

“ஆமா.”

“என்ன கோளாறு?”

“குதிரை ஆடுது.”

“ஆடத்தானே சார் குதிரை செஞ்சிருக்கோம்.”

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. “அப்ப சரி. எடுத்துடுங்க” என்றார்.

“நான் எப்படி எடுப்பேன்? மாட்டினவர்தான் எடுக்கணும். எடுக்கறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாக்கணும். உங்க ஊர்ல எப்படி?”

“எங்க ஊர்லயும் அப்படித்தான்.”

“அப்ப ஏறுங்க.”

ஏறினார். ஐம்பதை நெருங்கும் மனிதர், முழுக்கைச் சட்டை, இரும்பு பூட்ஸ், ஐந்து வயதுக் குழந்தைக்காகச் செய்த குதிரை. முட்டி அவருடைய தாடையைத் தொட்டது. நாற்பது குழந்தைகளும் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார்கள். சோதித்ததற்கு ஆதாரம் வேண்டுமே என்று போனைக் காவல்காரம்மாவிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். அன்று அவரை யாராவது படம் எடுத்தது அப்போதுதான். மணி அடித்தது, பாட்டு கிளம்பியது, ராட்டினம் சுற்றியது. பக்கத்தில் நடந்து போகிறவன் அதை முந்திவிடுவான், அவ்வளவுதான் வேகம்.

“நெஞ்சு அடிச்சுக்கிச்சுடா. கையெல்லாம் வேர்த்துப்போச்சு. போல்ட்டைப் பாத்தேன், கம்பியைப் பாத்தேன், எல்லாம் சரியா இருக்கு. எல்லாம் சரியா இருந்தும் எனக்கு இறங்கணும்போல இருந்துச்சு” என்றார் என்னிடம்.

இந்த இடத்தில் நான் சிரிக்கவில்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தகடு வெட்டும் இயந்திரத்தைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று இவர் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் அது ஒரு தொழிலாளியின் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. விசாரணையில் இவர்மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டார்கள். அந்த ஆள் இப்போது வாசல் காவலில் இருக்கிறார். மிச்சமிருக்கும் மூன்று விரலால் தினமும் காலையில் அத்தானுக்கு வணக்கம் வைக்கிறார். மகள் பிறந்தது அந்த வருஷம்தான். வீட்டில் அட்டைகள் தொங்க ஆரம்பித்ததும் அந்த வருஷம்தான். எனக்கு இது முன்பே தெரியும். தெரிந்துகொண்டுதான் இத்தனை வருஷமும் கேலி பேசினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு அத்தான் வந்து இறங்கினார். மகள் சீருடை போட்டு, அட்டை தொங்கும் படிவத்தோடு கூடத்தில் நின்றாள். எட்டு மணிக்குப் பள்ளி வண்டி. அன்று நான் அலுவலகத்துக்குத் தாமதமானாலும் பரவாயில்லை என்று மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டேன். தீம் பார்க்கைத் தான் சோதித்து அனுமதி வழங்கிவிட்டதாக ஒரு பிரசங்கம் செய்வார், மானத்தைக் காப்பாற்றிக்கொள்வார், நாமும் நன்றாகக் கிண்டலடிக்கலாம் என்பது என் எண்ணம்.

“பாத்தீங்களாப்பா? எத்தனை கோளாறு?”

“ஒன்னு.”

அவள் முகம் செத்துவிட்டது. ஒன்று இருந்தாலும் அட்டை எடுக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். படிவத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள்.

அத்தான் பெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை. ஒரு கையில் பெட்டியோடு குனிந்து, அட்டையில் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினார். பிறகு படிவத்தில் கையெழுத்துப் போட்டார். போனில் ஒரு படத்தைத் திறந்து மகள் முன்னால் வைத்தார். மரக்குதிரையின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருக்கிற அப்பா.

அவள் படத்தைப் பார்த்துச் சிரிக்கப் போனாள். அதற்குள் அட்டை கண்ணில் பட்டது. உரக்கப் படித்தாள்.

“என்ன கோளாறு: இயந்திரத்தில் எதுவும் இல்லை. அப்பாவுக்குப் பயம். சரிசெய்யப்பட்டதா: இல்லை.”

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, சரியாகலைன்னு போட்டிருக்கீங்க. ரூல்படி அட்டையை எடுக்கக் கூடாதேப்பா.”

“தெரியும்.”

நூலின் இரட்டை முடிச்சு சட்டென்று அவிழவில்லை. உதவலாம் என்று நான் கையை நீட்டினேன். மகள் என் கையைத் தட்டிவிட்டாள்.

“மாட்டினவங்கதான் எடுக்கணும் மாமா” என்றாள்.

எடுத்து முடிக்கும்வரை வாசலில் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.