பாதி உதட்டுக்கு ஒரு வெள்ளி முகம்

மாதாவின் பரிந்துரையால் என் கீழுதட்டின் வலது பாதிக்கு உணர்வு திரும்பி வந்தது. இடது பாதிக்கு ஏன் வரவில்லை? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

கடலூரில் வசிக்கிறேன். வயது இருபத்தைந்து. சின்ன வயதிலிருந்தே என் கீழ்த்தாடை முன்னால் நீண்டிருக்கும். பற்கள் ஒன்றோடொன்று சேராது; சப்பாத்தியைக்கூடக் கடிக்க முடியாது. மகள் பால் மறந்த பிறகு, சென்ற ஆண்டு தவக்காலத்துக்கு முன்பு, சிதம்பரத்தில் தாடையை வெட்டிச் சரிசெய்தார்கள். முகம் நேரானது. ஆனால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போயின.

"நரம்பு அறுபடல, நசுங்கியிருக்கு. சின்ன வயசு, மெதுவா திரும்பிடும். சில பேருக்கு மட்டும் கொஞ்சம் மரப்பு தங்கிடும்" என்றார் டாக்டர்.

பக்கத்துக் கட்டிலில் இதே சிகிச்சைக்கு வந்திருந்த கல்லூரி மாணவிக்கு உணர்வு சீக்கிரமே திரும்பிவிட்டது. எனக்கு வரவில்லை. எச்சில் வழிவதே தெரியாது. மகள்தான் தன் கவுனால் துடைத்துவிடுவாள். சாப்பிடுவதற்காகத்தான் செய்துகொண்டேனா, அழகுக்கும் ஆசைப்பட்டேனா? தினமும் இதே குடைச்சல்.

ஒரு காலையில் மகளுக்குக் கஞ்சி ஊட்ட உட்கார்ந்தேன். பழக்கத்தில் கரண்டியைக் கீழுதட்டில் வைத்துச் சூடு பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆறிவிட்டது என்று நினைத்து அவள் வாயருகே கொண்டுபோனேன். மாமியார் பாய்ந்து என் கையைப் பிடித்தார்.

"அடியே, ஆவி பறக்குது! கண்ணும் சேந்து மரத்துப்போச்சா?"

என் உதடு கொப்பளித்திருந்தது. அதுவும் எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து மாமியார்தான் ஊட்டினார். பசித்தால் மகள் அவரிடமே ஓடினாள். பெற்றவள் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரமே பங்குக் கோயிலில் மாதா முன் முழங்காலிட்டு நேர்ந்துகொண்டேன். உதட்டில் உணர்வு வந்தால் வெள்ளி முகம் காணிக்கை வைக்கிறேன் அம்மா. தினமும் ஜெபமாலை சொன்னேன். மாதங்கள் போயின. பாதி ஜெபத்திலேயே நம்பிக்கை விட்டுப்போகும். ஆனாலும் சொல்லி முடிப்பேன்.

ஒரு ஞாயிறு திருப்பலி. நற்செய்தி வாசகத்துக்கு முன் எல்லாரையும் போல நெற்றியிலும் வாயிலும் மார்பிலும் கட்டைவிரலால் சிலுவை வரைந்தேன். வாயில் வரைந்தபோது உதட்டின் வலது பக்கம் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. மறுபடி வரைந்தேன். என் நகம் உறுத்தியது. அன்றைய வாசகம் என்னவென்று எனக்குத் தெரியாது. அழுதுகொண்டிருந்தேன்.

இப்போது வலது பக்கத்தில் சூடு பார்த்து நானே ஊட்டுகிறேன். இடது பக்கம் இன்னும் கட்டைதான். அது வராமலே போகலாம் என்கிறார் டாக்டர். வலது பக்கம் வந்ததுகூட நரம்பு தானாகத் தேறியதால்தானாம். இருக்கட்டும். அத்தனை மாதம் நான் உடைந்துபோகாமல் இருந்தது எந்த நரம்பால்? சோர்ந்திருப்பவர்களே, கேட்பதை நிறுத்திவிடாதீர்கள்.

திருவிழாவுக்குக் கொடியேறப் போகிறது. காணிக்கையை வாங்கிவிட்டேன். கடையில் முழு முகம்தான் கிடைக்கிறது.

"முழுசா வரட்டும்டி. இப்பவே வெச்சிட்டா, இவளுக்கு இது போதும்னு மாதா நெனச்சிக்க மாட்டாங்களா?" என்கிறார் மாமியார்.

சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வந்த கணவர் சிரிக்கிறார். "மாதாகிட்டயே பேரம் பேசுறீங்களே ரெண்டு பேரும்! குடுத்ததுக்கு நன்றி சொல்லு, போ."

இப்போதே வைத்தால் மீதியைக் கைவிட்டதாகுமா? காத்திருந்தால் நன்றி கெட்டவளாவேனா? நேர்ந்துகொண்டு பாதி மட்டும் பெற்றவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? கொடியேறுவதற்குள் எனக்குச் சொல்லுங்கள்.